மலையே இல்லாத பாதையில் மலைச்சைக்கிள்: ஆற்றங்கரை, திராட்சைத் தோட்டப் பக்கம் ஓட்டுகிறவர்கள் வாருங்கள்

தாமதப்பயணி
வணக்கம். வயது 49. சைக்கிளை விட்டு இருபது வருடம் ஆகிறது, போன மாதம்தான் மறுபடி ஒன்று வாங்கினேன். 29 இன்ச் சக்கரம், 2.25 இன்ச் டயர், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். மலைச்சைக்கிள் என்றுதான் விற்றார்கள். ஆனால் நான் ஓட்டப்போகிற இடத்தில் மலை கிடையாது. ஆற்றோரமாக ஒரு மண் பாதை, அதிலிருந்து பிரிந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சரளைப் பாதை, கடைசியில் மறுபடியும் ஆறு. முழுதாகச் சுற்றினால் 26 கி.மீ.

தார் ரோட்டில் பறக்கிறவர்கள் என் டயரைப் பார்த்து "டிராக்டரா சார்?" என்கிறார்கள். மலையில் குதிக்கிறவர்கள் "இந்தப் பாதைக்கு இது எதற்கு?" என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அது போகட்டும். முதல் ஞாயிறு 18 கி.மீ. ஓட்டினேன். மூன்று நாள் முட்டி வலி. உள்ளங்கை மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான்கூடப் போட வரவில்லை. பாதை என்னவோ சமதளம்தான். எங்கே தப்பு செய்கிறேன்?

செம்மண்புழுதி
டயரில் எவ்வளவு காற்று?

தாமதப்பயணி
50 பி.எஸ்.ஐ. டயர் ஓரத்தில் அதிகபட்சம் 50 என்று போட்டிருந்தது, அதையே அடித்தேன்.

செம்மண்புழுதி
அங்கேதான் கோளாறு. அதிகபட்சம் என்பது டயர் தாங்குகிற எல்லை. அவ்வளவு அடி என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சரளையில் கல்லாக இறுகிய டயர் என்ன செய்யும்? ஒவ்வொரு கூழாங்கல்லிலும் ஏறி இறங்கும். உங்களையும் வண்டியையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று தூக்கித் தூக்கிப் போடும். அந்த வேலை முழுக்க உங்கள் கால் போட்ட பலம்தான். அது முன்னே போகாமல் உள்ளங்கையிலும் முதுகிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் இளகிய டயர் கல்லை விழுங்கிவிட்டு உருண்டு போகும். தார் ரோட்டில் காற்று அதிகம் இருந்தால் வேகம் என்பது ஓரளவு சரி. மண்ணில் அந்தக் கணக்கு தலைகீழ்.

எடை எவ்வளவு? டியூப் போட்டதா, டியூப்லெஸ்ஸா?

தாமதப்பயணி
78 கிலோ. டியூப்தான்.

செம்மண்புழுதி
அப்படியென்றால் முன்னால் 26, பின்னால் 29-ல் ஆரம்பியுங்கள். உடம்பின் பாரம் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் விழுகிறது, அதனால் பின்னால் எப்போதும் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்துப் பாருங்கள். ஏதாவது விளிம்புக் கல்லில் ரிம் "டக்" என்று இடித்தால் அளவு மீறிவிட்டது, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். டியூப் வைத்துக்கொண்டு ரொம்பவும் இறக்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி. டியூப்லெஸ்ஸுக்கு மாறினால் இன்னும் நாலைந்து குறைத்து ஓட்டலாம்.

பம்பில் உள்ள முள்ளை முழுசாக நம்பாதீர்கள். தனியாக ஒரு காற்றழுத்த மீட்டர் வாங்குங்கள். நான் சைக்கிளுக்குச் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

சங்கிலி
காற்றைப் புழுதி சொல்லிவிட்டார். முட்டிக்கு நான். இருபது வருடமாக சைக்கிள் ரிப்பேர் வேலை. முட்டி வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சீட் தாழ்வாகத்தான் இருக்கும். கால் தரையில் எட்டினால்தான் பத்திரம் என்று இறக்கி வைத்திருப்பார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடியில் கொண்டுபோய், பாதத்தின் முன்பக்கத்தை வைக்காமல் குதிகாலை வையுங்கள். கால் முழுசாக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அதுதான் உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பக்கத்தை வைப்பதால் முட்டி லேசாக மடிந்து நிற்கும். வலி முட்டிக்கு முன்னால் என்றால் சீட் தாழ்வு, பின்னால் என்றால் சீட் உயரம். தோராயம்தான், ஆனால் பெரும்பாலும் சரியாக வரும்.

இன்னொன்று, கியர். கனமான கியரில் மெதுவாக மிதிப்பது வலிமை என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. நிமிடத்துக்கு 75, 80 சுற்று வருகிற கியரில் வைத்து லேசாகச் சுற்றுங்கள். ஏற்றம் வந்த பிறகு மாற்றினால் செயின் முறுக்கிக்கொண்டு கத்தும், ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கை மரத்துப்போவதற்குக் காற்று ஒரு காரணம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கும், அதைத் தாங்குவது கைதான். முழங்கையைப் பூட்டாமல் கொஞ்சம் மடித்தே வையுங்கள்.

விசில்
சார், மனசு நோகாமல் கேட்கிறேன். ஆற்றங்கரைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கிராவல் சைக்கிள், அதாவது சரளைக்கென்றே வருகிற மெல்லிய டயர் வண்டிதானே சரி? எடை குறைவு, வேகம் கூடுதல். மலைச்சைக்கிள் வாங்கியது வீண் செலவு இல்லையா?

நதிமூலம்
தம்பி, பாதையின் நல்ல பாதியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆற்றோரப் பாதை வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வண்டல் படிந்து கிடக்கும். மேலே காய்ந்து ஓடு மாதிரி தெரியும், கீழே களி. கிராவலின் 40 மி.மீ. டயர் அதில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். அகல டயர் மிதந்து போய்விடும். தோட்டப் பாதையில் டிராக்டர் சக்கரம் போட்ட பள்ளம் இரண்டு பக்கமும் இறுகிக் கிடக்கும். அதிலிருந்து வெளியே வர நிமிர்ந்து உட்காருகிற அகல ஹேண்டில்பார்தான் கை கொடுக்கும்.

நான் இரண்டும் வைத்திருக்கிறேன். 60 கி.மீ.க்கு மேல், பாதி தார் என்றால் கிராவல். நின்று, வேடிக்கை பார்த்து, இறங்கித் தள்ளி, மறுபடி ஏறி ஓட்டுகிற நாளுக்கு மலைச்சைக்கிள். 49 வயதில் திரும்பி வருகிற ஒருவருக்கு வேகத்தைவிட இடறாமல் இருப்பது முக்கியம்.

செம்மண்புழுதி
அக்கா சொன்னதோடு ஒரு பழைய கதை. மலைச்சைக்கிள் பிறந்ததே கலிபோர்னியாவில், மரின் கவுண்டியில். அதற்கு வடக்கே ஒட்டி இருப்பது திராட்சைத் தோட்டத்துக்குப் பேர்போன சொனோமா. 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பொறுக்கி, தடித்த பலூன் டயரோடு மண் பாதைகளில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் அவர்கள் வைத்த போட்டிக்கு ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர். இறங்கும்போது பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் (ஹப்) இருக்கும் பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகுமாம். இறங்கி முடித்ததும் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும், அதிலிருந்து வந்த பெயர். மறுவருடம் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மண்ணுக்கென்றே ஒரு சைக்கிள் சட்டம் (ஃபிரேம்) செய்தார். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் வரை போய்விட்டது.

சொல்ல வருவது, ஆரம்பத்தில் இது குதிக்கிற வண்டி இல்லை. தடித்த டயரோடு மண்ணில் உருளுகிற பழைய சைக்கிள். தாமதப்பயணி செய்வதுதான் பூர்வீகம். யாராவது டிராக்டர் என்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பந்தல்காரன்
இரண்டு நாளாக எட்டி நின்று படித்துக்கொண்டிருந்தேன். டயரைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், தோட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன் நான், சைக்கிளும் ஓட்டுவேன். அதனால் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று சொல்கிறேன்.

கொடி வரிசைக்கு நடுவே உள்ள புல் பாதை பார்க்க அழகாக இருக்கும். அது பாதை இல்லை, எங்கள் வேலை இடம். தோட்டத்தின் தலைமாட்டில் டிராக்டர் திரும்புகிற மண் ரோடும், பொதுப்பாதை என்று அடையாளம் வைத்த தடமும்தான் உங்களுக்கு. வரிசைக்குள் நுழையக் கூடாது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, கேளுங்கள்.

கம்பி. கொடியைத் தாங்க வரிசை நெடுகக் கம்பி இழுத்திருக்கும். வரிசையின் கடைசிக் கம்பத்திலிருந்து தரைக்குச் சாய்வாக ஒரு கம்பி இறங்கும். மாலை வெயில் கண்ணில் அடிக்கும்போது அது தெரியவே தெரியாது. அறுவடைக்கு முன்னால் பறவைக்கு வலையும் போட்டிருப்போம்.

கவாத்து. இலை உதிர்ந்த பிறகு குளிர்காலத்தில் கொடியை வெட்டுவோம். வெட்டிய குச்சிகளைப் பொடியாக்குகிற வரை வரிசைக்கு நடுவே அப்படியே கிடக்கும். விரல் தடிமன், ஒரு மீட்டர் நீளம், எளிதில் ஒடியாது. முன்சக்கரம் அதன் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்பும். எங்கே போய்ச் சிக்கும் என்று சங்கிலியைக் கேளுங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து. கந்தகமும் செம்பும் அடிப்போம். இலை நீலமாகப் பூத்திருந்தால் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். இதற்கே ஒரு கதை இருக்கிறது. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் போகிற வருகிறவர்கள் பழம் பறிக்கிறார்கள் என்று, பார்க்கவே அருவருப்பாக இருக்கட்டுமென இந்தக் கலவையைத் தெளித்து வைத்தார்கள். 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார், அந்தச் சாலையோரக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை. சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். பாதையோரம் பழம் பறிக்கிறவர்களுக்கு உலகம் இப்படி ஒரு கடன் பட்டிருக்கிறது! ஆனாலும் பறிக்காதீர்கள், கழுவாமல் வாயில் போடவே போடாதீர்கள். தெளிப்பு வண்டி ஓடினால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வேறு வழியில் போங்கள்.

கடைசியாக, மண். உங்கள் டயரில் ஒட்டிய சேறு எந்தத் தோட்டத்து மண் என்று உங்களுக்குத் தெரியாது. பிலாக்சரா என்கிற வேர்ப்பேன் 1860-களிலிருந்து பிரான்சின் தோட்டங்களைக் காலி செய்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள், இன்றும் பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான் நடுகிறார்கள். ஒட்டுக்கட்டாத சொந்த வேரில் நிற்கிற தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன, அந்தப் பூச்சி மண்ணோடு ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். ஒரு தோட்டப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் டயரைத் தட்டித் துடைத்துவிடுங்கள்.

விசில்
இவ்வளவு இருக்கிறதா! நான் வரிசைக்கு நடுவில் போட்டோ எடுக்கப் போயிருக்கிறேன். மன்னிக்கவும் அண்ணா.

பந்தல்காரன்
பரவாயில்லை. அடுத்த தடவை யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். அறுவடை மாதத்தில் மட்டும் கேட்காதீர்கள், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தெற்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை.

தாமதப்பயணி
பெரிய உதவி. சீட்டை நாலு விரற்கடை ஏற்றினேன், காற்றை 26, 29-க்கு இறக்கினேன். வீட்டு வாசலிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஒரு சந்தேகம். ஆற்றோரமாகத் திரும்பி வரும்போது மூச்சு வாங்குகிறது. போகும்போது அப்படி இல்லை. திரும்புகிற பக்கம் பாதை ஏற்றமா?

நதிமூலம்
ஏற்றம் இல்லை. ஐரோப்பாவின் தான்யூப் ஆற்றையே பாருங்கள், பாஸாவ் நகரத்திலிருந்து வியன்னா வரை ஆறு கிட்டத்தட்ட 300 கி.மீ. ஓடுகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் அரை மீட்டர்தான் இறங்குகிறது. அதைக் கால் உணரவே உணராது. படகு போகிற பெரிய ஆறு எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். நீங்கள் எந்த நேரத்தில் எந்தத் திசையில் போனீர்கள்?

தாமதப்பயணி
காலை எட்டு மணிக்கு மேல்நோக்கி, அதாவது ஆறு வருகிற பக்கம். பதினொன்றரைக்குத் திரும்பினேன்.

நதிமூலம்
அதேதான். காற்று! வெயில் ஏறினால் பள்ளத்தாக்கின் சரிவுகள் சூடாகும், அங்குள்ள காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கீழே சமவெளியிலிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் வரும். நல்ல வெயில் நாளில் முற்பகலுக்கு மேல் மாலை வரை ஆற்றின் மேல்நோக்கித்தான் அடிக்கும். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிந்து கீழ்நோக்கி வரும், விடிந்து கொஞ்ச நேரம் வரை அது இருக்கும். நீங்கள் காலையில் அதற்கு எதிரே போனீர்கள், அது இளங்காற்று, தெரியவில்லை. திரும்பும்போது பகல் காற்று முகத்தில் அறைந்தது.

அப்படியே மாற்றுங்கள். விடியலில் ஆறு போகிற திசையில் இறங்குங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மேகமூட்டமான நாளில் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது பொதுக்காற்று எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். மேற்குக் காற்று அதிகம் என்பதால்தான் பாஸாவிலிருந்து வியன்னாவுக்குக் கிழக்கு நோக்கி ஓட்டுகிறவர்கள் அதிகம், எதிர்த்திசையில் வருகிறவர்கள் குறைவு.

விசில்
அக்கா, ஏன் எங்கே பார்த்தாலும் ஆறும் திராட்சையும் சேர்ந்தே இருக்கின்றன? யூடியூபில் பார்க்கிற பாதை எல்லாம் அப்படியே.

பந்தல்காரன்
அக்காவுக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். கொடிக்குக் கால் ஈரமாக நிற்கப் பிடிக்காது, சரிவில் தண்ணீர் வடிந்துவிடும். உறைபனி பிடிக்காது, குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழுக்கிக் கீழே போய்விடும். ஆற்று நீர் பகல் சூட்டைப் பிடித்துவைத்து ராத்திரி விடும், வெயிலையும் சரிவின் மேல் திருப்பி அடிக்கும். ஜெர்மனியில் மோசல் ஆற்றுப் பக்கம் கறுப்பு ஸ்லேட் கல் வேறு, சூட்டை அப்படியே வைத்துக்கொள்ளும். அப்புறம் ரயில் வருவதற்கு முன்னால் பீப்பாயைப் படகில்தானே ஏற்ற வேண்டும்.

நதிமூலம்
அருமை. அந்த மோசல் பாதை நான் ஓட்டியது. பெர்ல் என்ற எல்லை ஊரிலிருந்து மோசல் ரைன் ஆற்றில் சேருகிற கோப்லென்ஸ் வரை சுமார் 250 கி.மீ. ஆறு பாம்பு மாதிரி வளைவதால் காலையில் முகத்தில் அடித்த வெயில் அரை மணியில் முதுகுக்கு வந்துவிடும். தரையோடு போகிற பாதை சமம். ஆனால் "கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாமே" என்று தோட்டப் பாதையில் திரும்பினீர்களோ, போச்சு. டிராக்டர் ஏறுவதற்குப் போட்ட வழி அது, 15 சதவீதச் சரிவுகூட வரும். நான் இறங்கித் தள்ளினேன், வெட்கமே இல்லை. பிரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் சரிவில் கொடிக்குப் போக ஒற்றைத் தண்டவாள வண்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு செங்குத்து.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஆஸ்திரியாவில் வாக்காவ் பள்ளத்தாக்கு, மெல்க் ஊரிலிருந்து கிரெம்ஸ் வரை, ஒரு நாள் தூரம். கல் அடுக்கிய தோட்டப் படிகளுக்கும் தான்யூபுக்கும் நடுவே பாதை. 2000-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பிரான்சின் லுவார் ஆற்றுப் பாதை இன்னும் தட்டை, இன்னும் நீளம், ஆனால் எனக்கு அங்கே கொஞ்சம் அலுத்தது. திட்டாதீர்கள்.

வேகம்77
இவ்வளவு பேச்சு எதற்கு. பேட்டரி சைக்கிள் வாங்கினால் காற்றும் இல்லை ஏற்றமும் இல்லை. முட்டி வலியும் இல்லை.

செம்மண்புழுதி
மோட்டார் வைத்தால் அது சைக்கிளா?

வேகம்77
ஐரோப்பாவில் 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் நின்றுவிடும். மிதித்தால்தான் ஓடும். சட்டமே சைக்கிள் என்கிறது, நீங்கள் யார்?

மட்டுறுத்துநர்
இதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே 40 பக்கம். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

தாமதப்பயணி
ஞாயிறு போய் வந்தேன். நல்லதும் கெட்டதும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆறரைக்குக் கிளம்பி ஆறு போகிற பக்கம் இறங்கினேன். தண்ணீர் மேல் மூடுபனி, எதிர்க்கரை தெரியவில்லை. நாணலுக்குள் ஏதோ பறவை, சத்தம் மட்டும். டயர் சரளையில் போகிற ஓசை மாறிவிட்டது. முன்பு கடகடவென்று இருந்தது, இப்போது வறுத்த கடலையைக் காகிதத்தில் உருட்டுகிற மாதிரி. 13 கி.மீ. போனதே தெரியவில்லை. கை மரக்கவில்லை. முட்டி இன்றுவரை சும்மா இருக்கிறது.

கெட்டது. பந்தல்காரன் அண்ணா, திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தின் மேல் முனையிலிருந்து கீழே ஆறு தெரிந்தது. டிராக்டர் ரோடு சுற்றிக்கொண்டு போகிறது, நேரே வரிசை வழியாக இறங்கினால் 200 மீட்டர். ஆள் யாரும் இல்லை. இறங்கினேன். பாதி வழியில் கடக்கென்று ஒரு சத்தம், பெடல் பின்னுக்கு உதைத்தது, பின்சக்கரம் பூட்டி இரண்டு மீட்டர் இழுத்துக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தால் கவாத்துக் குச்சி ஒன்று ஸ்போக்குக்குள் புகுந்து, கியர் மாற்றுகிற கையைச் சக்கரத்துக்குள் இழுத்து வளைத்திருக்கிறது. குச்சியில் கீறல்கூட இல்லை.

மீதி 11 கி.மீ. தள்ளிக்கொண்டே வந்தேன். காற்று மட்டும் அக்கா சொன்ன மாதிரி முதுகில்தான் அடித்தது!

பந்தல்காரன்
திட்ட மாட்டேன், குச்சியே திட்டிவிட்டது. கொடிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

தாமதப்பயணி
இல்லை அண்ணா. இரண்டு கொடிக்கு நடுவேதான் நின்றேன்.

சங்கிலி
பயப்படாதீர்கள். டீரெய்லரை, அதாவது நீங்கள் சொன்ன கியர் மாற்றுகிற கையை, சட்டத்தோடு சேர்க்கிற சின்ன அலுமினியத் துண்டு ஒன்று இருக்கும், ஹேங்கர். அடி பட்டால் தான் வளைந்து சட்டத்தைக் காப்பாற்றுவதற்கென்றே மெத்தென்று செய்கிறார்கள். பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சின்னப் பல்சக்கரமும் மேலே உள்ள கியர் சக்கரத்தோடு ஒரே கோட்டில் நின்றால் ஹேங்கர் பிழைத்தது. உள்ளே சாய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதை நிமிர்த்தாமல் சின்ன கியருக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றவே மாற்றாதீர்கள். டீரெய்லர் மறுபடி ஸ்போக்குக்குள் போகும், இந்தத் தடவை சக்கரமும் சேர்ந்து போகும்.

ஹேங்கரில் நூற்றுக்கணக்கான வடிவம். போட்டோ அனுப்பி வாங்காதீர்கள், பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய்த் திருகு ஓட்டையை ஒட்டிவைத்துப் பாருங்கள். இரண்டாக வாங்கி ஒன்றைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுவிடுங்கள். செயின் பிரிக்கிற கருவியும் ஒரு இணைப்புக் கண்ணியும் கூடவே. அவை இருந்திருந்தால் டீரெய்லரைக் கழற்றிவிட்டு, செயினைச் சுருக்கி ஒரே கியரில் மாட்டி, அந்த 11 கி.மீ.யும் மிதித்தே வந்திருக்கலாம்.

விசில்
நானும் இன்றே வாங்குகிறேன்.

தாமதப்பயணி
கழற்றிவிட்டேன். உள்ளே சாய்ந்துதான் இருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது. டீரெய்லர் பிழைத்தது. புது ஹேங்கர் வியாழன் வருகிறது. ஞாயிறு மறுபடி விடியற்காலை, ஆறு போகிற திசையில். டிராக்டர் ரோட்டில் மட்டும்.

செம்மண்புழுதி
டயரில் எவ்வளவு காற்று?

தாமதப்பயணி
முன்னால் 24, பின்னால் 27.